'வுட்' எங்கே வரும், எங்கே வராது: சைதாப்பேட்டை மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் மாலை ஏழு மணிக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மருந்துக் கடையில் பில் போடுகிறவர் வருகிறார், பாரிமுனையில் கணக்கு எழுதுகிறவர் வருகிறார். சோழிங்கநல்லூர் கம்பெனியிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றாமலே ஓடிவருகிற பிள்ளைகள் உண்டு. மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தர வேண்டும் என்று சேர்ந்த அம்மாக்களும் உண்டு. கேன், மஸ்ட் இரண்டையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 'வுட்' (would) வந்ததும் எல்லாருக்கும் கால் தடுக்குகிறது. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

'வில்' என்பதன் இறந்தகாலம்தானே 'வுட்'? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறப்பால் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'விரும்பு' என்று பொருள்படும் ஒரு வினை இருந்தது. 'வில்' அதன் வழி வந்தது. அதன் இறந்தகால வடிவம் தேய்ந்து 'வுட்' ஆயிற்று. அந்த விருப்பம் என்ற பொருள் நமக்கும் தெரிந்ததுதான். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று விரும்பி எழுதிவைக்கும் பத்திரத்தை 'உயில்' என்கிறோமே, அது இதே ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் மாறி வந்த உருவம்.

ஆனால் 'இறந்தகாலம்' என்று மட்டும் மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'வுட் யூ லைக் சம் காஃபி?' என்று கேட்பவர் நேற்றைய காப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வகுப்பில் சொல்வது இதுதான்: 'வுட்' என்பது ஓர் அடி தள்ளி நிற்கிற சொல். சில நேரம் நேற்றைக்குத் தள்ளி நிற்கும், சில நேரம் நடக்காத கற்பனைக்குள் போய் நிற்கும், சில நேரம் எதிரே இருப்பவருக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நிற்கும். எந்த வாக்கியத்தில் வந்தாலும் இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள்.

தமிழில் இதற்குச் சரியான ஒரு சொல் எது?

ஒரு சொல் கிடையாது. அதற்காக வருந்த வேண்டாம், வேலை செய்கிற உறுப்புகள் எல்லாம் உங்கள் வாயிலேயே இருக்கின்றன. இதைக் கேளுங்கள்:

"சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை ஆனா மெரினாவுக்குப் போவோம். அப்பா சுண்டல் வாங்கித் தருவார். இருட்டுற வரைக்கும் மணல்லயே உக்காந்திருப்போம்."

போவோம், தருவார், உட்கார்ந்திருப்போம். மூன்றும் எதிர்கால வினைகள். சொல்லப்படுவதோ முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. கேட்கிற யாராவது "என்னிக்குப் போகப்போறீங்க?" என்று கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். மீண்டும் மீண்டும் நடந்த பழைய வழக்கத்தை எதிர்கால வினையால் சொல்வது நமக்கு அவ்வளவு இயல்பு. காலம் இப்படி இடம் மாறுவதை நம் இலக்கணம் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் மாறி வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அப்படியே 'வுட்' வைக்கலாம்: 'ஆன் சண்டேஸ் வீ வுட் கோ டு த மெரினா. மை ஃபாதர் வுட் பை அஸ் சுண்டல்.' பத்து ஆண்டு ஆங்கிலம் படித்தவர்களும் இந்த இடத்தில் 'வுட்' வைக்கத் தயங்குகிறார்கள். தமிழில் இதைத் தினமும் சொல்கிறவர்கள் தயங்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் 'யூஸ்ட் டு' எதற்கு?

நிலையைச் சொல்வதற்கு. 'வீ யூஸ்ட் டு லிவ் இன் மயிலாப்பூர்' சரி. அதையே 'வீ வுட் லிவ் இன் மயிலாப்பூர்' என்றால் தவறு. குடியிருப்பது, தெரிந்திருப்பது, சொந்தமாக வைத்திருப்பது போன்றவை திரும்பத் திரும்பச் செய்யும் காரியங்கள் இல்லையே. இங்கும் உங்கள் காதே சொல்லும்: "அப்போ நாங்க மயிலாப்பூர்ல இருந்தோம்" என்றுதான் சொல்வீர்கள், "இருப்போம்" என்று வராது. தமிழில் 'இருந்தோம்' வருகிற இடத்தில் 'யூஸ்ட் டு', 'போவோம்' வருகிற இடத்தில் 'வுட்'. கதையை 'யூஸ்ட் டு' போட்டுத் தொடங்கி, எந்தக் காலம் என்று கேட்பவருக்குப் புரிந்ததும் 'வுட்'டுக்கு மாறிக்கொள்வது நல்ல நடை.

ஆபீஸ் மெயிலில் 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று எழுதுகிறோம். 'வில்' என்பதைவிட அது மரியாதைதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க, கிண்டி தொழிற்பேட்டை முழுக்க, தினமும் இப்படி மெயில்கள் போகின்றன. 'த டீம் வுட் ரீச் பை டென்.' 'வீ வுட் சென்ட் த ரிப்போர்ட் டுமாரோ.' எழுதுகிறவர் மனதில் பணிவு இருக்கிறது, 'வில்' என்றால் முறைப்பாக ஒலிக்குமோ என்ற பயம் இருக்கிறது. நமக்குள் எழுதிக்கொள்கிற வரை யாருக்கும் குழப்பமில்லை, இந்திய ஆங்கிலத்தில் இது வேரூன்றிய பழக்கம். கடல் தாண்டிப் படிக்கிறவருக்கு அது வேறு மாதிரி ஒலிக்கிறது. 'வீ வுட் சென்ட் த ரிப்போர்ட்' என்றால் அவர் காதில் "அனுப்புவோம்தான், ஆனால்..." என்று விழும். அந்த ஆனால் என்ன என்று அடுத்த வரியில் தேடுவார்.

என் மாணவர் ஒருவர் வெள்ளிக்கிழமை வேலையை முடித்துத் தருவதாக இப்படி 'வுட்' போட்டு எழுதினார். எதற்காகக் காத்திருக்கிறீர்கள், எங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது வர வேண்டுமா என்று வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. எதற்காகவும் காத்திருக்கவில்லை, வேலை ஏறக்குறைய முடிந்தே இருந்தது. அவர் கொடுத்த உறுதியை ஒரு சொல் தின்றுவிட்டது. அன்று மாலை வகுப்பில் அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தப் பாடத்தை முதல் மாதத்திலேயே நடத்தத் தொடங்கினேன்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மெயிலை அனுப்பும் முன் 'வுட்' இருக்கிற ஒவ்வொரு வரியிலும் நின்று, "எது இருந்தால்?" என்று கேளுங்கள். 'வீ வுட் ஃபினிஷ் சூனர் இஃப் வீ ஹேட் ஒன் மோர் பெர்சன்' என்பதற்குப் பதில் இருக்கிறது: இன்னொரு ஆள் இருந்தால். அது நிற்கட்டும். 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்பதற்குப் பதிலே இல்லை. லீவு போட்டாயிற்று, போகத்தான் போகிறீர்கள். 'ஐ வில் பி ஆன் லீவ் டுமாரோ' என்று எழுதுங்கள். அதில் மரியாதைக் குறைவு எள்ளளவும் இல்லை. 'ஐ வுட் லைக் டு', 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்' என்று வரும் இடங்கள் வேறு. அங்கே நீங்கள் ஒன்றைக் கேட்கிறீர்கள், அதனால் தள்ளி நின்று கேட்பது அழகு. வாக்குக் கொடுக்கும்போது தள்ளி நிற்கக் கூடாது.

விசா நேர்காணலுக்கும் இதே கதைதானா?

அங்கே இன்னும் கவனம் வேண்டும். ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு மாணவர் விசாவுக்காகப் போகிற பிள்ளைகள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பும் எண்ணம் இருப்பதை விண்ணப்பிப்பவர்தான் அதிகாரிக்குத் தெளிவுபடுத்த வேண்டும். அப்போது 'ஐ வுட் கம் பேக் டு சென்னை' என்றால் சந்தேகம் தொக்கி நிற்கும். 'ஐ வில் கம் பேக்' என்று சொல்லுங்கள். ஆனால் அதிகாரியே 'வாட் வுட் யூ டூ இஃப் யூ டிடன்ட் கெட் திஸ் விசா?' என்று கேட்டால் அது கற்பனைக் கேள்வி. அதற்கு 'ஐ வுட் அப்ளை அகைன்' என்று 'வுட்'டிலேயே பதில் சொல்லுங்கள். கேள்வி எந்தச் சொல்லில் வருகிறதோ அதே சொல்லில் பதிலைத் தொடங்கினால் பெரும்பாலும் தப்பாது.

'இஃப்' இருக்கிற பாதியில் 'வுட்' வரக்கூடாது என்கிறீர்கள். ஏன்?

'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்...' என்று சொல்லிப் பழகியவர்கள் கேட்கிற கேள்வி இது. சட்டம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தமிழ் வினையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வந்தால், போனால், படித்தால், சாப்பிட்டால். இவற்றில் 'ஆல்' என்பதை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். வந்த், போன், படித்த், சாப்பிட்ட். எல்லாம் வந்தேன், போனேன், படித்தேன், சாப்பிட்டேன் என்பவற்றின் அடி, அதாவது இறந்தகால அடி. நாளை நடக்கப்போவதைப் பற்றிப் பேசும்போதுகூட 'வந்தால்' என்று இறந்தகால அடியில்தான் நாம் நிபந்தனையைக் கட்டுகிறோம். எதிர்காலம் அடுத்த பாதியில் வருகிறது: வந்தால் போவேன். ஆங்கிலமும் கற்பனை நிபந்தனைக்கு இதையே செய்கிறது. 'இஃப்' பாதியில் இறந்தகாலம், அடுத்த பாதியில் 'வுட்'.

"அடையாறுல எனக்கு ஒரு வீடு இருந்தா தினமும் பீச்சுக்கு நடந்தே போவேன்." 'இஃப் ஐ ஹேட் எ ஹவுஸ் இன் அடையார், ஐ வுட் வாக் டு த பீச் எவ்ரி டே.' இருந்தா என்பதற்கு 'ஹேட்', போவேன் என்பதற்கு 'வுட் வாக்'.

இனி, நடக்காமல் போனதற்கு வாருங்கள். "நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேன்." 'வந்திருப்பேன்' என்பதைப் பலகையில் எழுதி வலமிருந்து இடமாகப் பிரிக்கச் சொல்வேன். கடைசியில் 'ஏன்', அது 'ஐ'. அதற்கு முன் 'ப்ப்', அது 'வுட்'. அதற்கு முன் 'இரு', அது 'ஹேவ்'. முதலில் 'வந்து', அது 'கம்'. ஐ வுட் ஹேவ் கம். நான்கு துண்டுக்கு நான்கு துண்டு, வரிசை மட்டும் தலைகீழ். 'தெரிந்திருந்தால்' என்பதும் அப்படியே: 'ஆல்' என்பது 'இஃப்', 'இருந்த்' என்பது 'ஹேட்', 'தெரிந்து' என்பது 'நோன்'. 'இஃப் ஐ ஹேட் நோன் யூ வேர் கமிங், ஐ வுட் ஹேவ் கம் டு த ஸ்டேஷன்.' 'ப்ப்' எந்தப் பாதியில் இருக்கிறதோ அங்கேதான் 'வுட்'. 'தெரிந்திருந்தால்' என்பதில் 'ப்ப்' இல்லை, அதனால் அங்கே 'வுட்' வராது.

ஒரே ஒரு இடத்தில் தமிழ் கை கொடுக்காது. 'மழை பெய்தால்' என்ற ஒரே சொல்லை நாம் நடக்கக்கூடியதற்கும் சொல்வோம், நடக்காத கற்பனைக்கும் சொல்வோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும். ஐப்பசியில் வானம் கறுத்திருக்கும்போது 'இஃப் இட் ரெயின்ஸ் டுநைட், த சப்வே வில் ஃப்ளட்' என்று சொல்லுங்கள். உண்மையாகவே பெய்யலாம், சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கலாம். சித்திரை வெயிலில் ஏக்கத்தோடு சொன்னால் 'இஃப் இட் ரெயின்ட் நவ், ஐ வுட் டான்ஸ் இன் த ஸ்ட்ரீட்'. நடக்கும் என்று நம்புகிறீர்களா இல்லையா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலத்தில் வாயைத் திறக்க முடியும்.

'இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்' என்று ரிசப்ஷனில் கேட்டிருப்பீர்கள். "தயவுசெய்து காத்திருக்கச் சம்மதித்தால்" என்ற பழைய விருப்பப் பொருள் அதில் இருக்கிறது. அது மரியாதை வழக்கு, சரிதான்.

'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால் 'யெஸ்' சொல்வதா, 'நோ' சொல்வதா?

சம்மதம் என்றால் 'நோ'. தாம்பரம் லோக்கலில் ஒருவர் 'வுட் யூ மைண்ட் மூவிங் எ லிட்டில்?' என்று கேட்டால், "கொஞ்சம் தள்ளி உக்கார்றதுல உங்களுக்குச் சிரமம் இருக்கா?" என்று அர்த்தம். சிரமம் இல்லை, அதனால் 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லித் தள்ளி உட்கார வேண்டும். 'யெஸ்' என்றால் முடியாது என்று சொன்ன மாதிரி. "ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டால் நாமும் "இல்லை" என்றுதானே சம்மதிக்கிறோம்.

'ஐ வான்ட்' என்றால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? "எனக்கு வேணும்" என்பதைத்தானே சொன்னேன்?

தமிழில் "ரெண்டு டிக்கெட் வேணுங்க" என்னும்போது அந்த 'ங்க' மரியாதையைச் சுமந்துகொண்டு போய்விடுகிறது. ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டிக்கொள்ளும் 'ங்க' இல்லை. 'யூ' ஒன்றுதான், நீயும் அதுவே, நீங்களும் அதுவே. அந்த 'ங்க' செய்யும் வேலையை 'வுட்' செய்கிறது. 'ஐ வுட் லைக் டூ டிக்கெட்ஸ்' என்பது "வேணுங்க". 'ஐ வான்ட் டூ டிக்கெட்ஸ்' என்பது "ரெண்டு டிக்கெட் வேணும்". எனக்குத் தெரிந்து 'வுட்'டை இப்படிச் சொன்ன பிறகு யாரும் மறந்ததில்லை.

'வுட் யூ', 'குட் யூ' இரண்டுக்கும் வித்தியாசம்?

"தர்றீங்களா?" என்பதற்கும் "தர முடியுமா?" என்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் மரியாதைதான்.

'த டோர் வுடன்ட் ஓபன்' என்று படித்தேன். கதவுக்கு ஏது விருப்பம்?

நம் ஊரில் கதவுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் விருப்பம் உண்டு! "காலையில வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன்னுடுச்சு." மோட்டார் பைக் வாய் திறந்து மாட்டேன் என்று சொன்னதா? எத்தனை முறை உதைத்தும் பிடிவாதமாக நின்றது என்பதற்கு நாம் 'மாட்டேன்' என்கிறோம், அவர்கள் 'வுடன்ட்' என்கிறார்கள்: 'த பைக் வுடன்ட் ஸ்டார்ட் திஸ் மார்னிங்.' 'டிடன்ட் ஸ்டார்ட்' என்றாலும் சரிதான், ஆனால் அதில் "ஸ்டார்ட் ஆகலை" என்ற செய்தி மட்டும் இருக்கும், நீங்கள் பட்ட பாடு இருக்காது. குழந்தை சாப்பிட மறுத்தாலும் இதுவே: 'ஷி வுடன்ட் ஈட்.' இன்றைக்கு இப்போது மறுத்துக்கொண்டிருந்தால் 'வோன்ட்'. முடிந்துபோன மறுப்புக்கு 'வுடன்ட்'.

"வர்றேன்னு சொன்னார்" என்பதில் 'வில்' வருமா, 'வுட்' வருமா?

'ஹி செட் ஹி வுட் கம்.' தமிழில் 'என்று' இருப்பதால் அவர் பேசிய சொல்லை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொன்னது நேற்று என்பதால் 'வில்' ஓர் அடி பின்னால் போகிறது. அவர் இன்னும் வரவில்லை, வரத்தான் போகிறார் என்றால் 'வில்' என்று விடுவதும் வழக்கில் உண்டு.

வாசல் மணி அடித்ததும் ஒரு வெள்ளைக்காரர் 'தட் வுட் பி த வாட்டர் மேன்' என்றார். இது என்ன?

"தண்ணி கேன் போடுறவரா இருக்கும்." அந்த 'இருக்கும்' ஊகம். 'தட் வில் பி' என்றும் சொல்லலாம்.

"பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறதுக்கு மெட்ரோலயே போயிடலாம்" என்பதை எப்படிச் சொல்வது?

'ஐ வுட் ராதர் டேக் த மெட்ரோ தன் ஹேங் ஆன் இன் எ பஸ்.' ஒன்றைவிட இன்னொன்று தேவலை என்று தோன்றும்போதெல்லாம் 'வுட் ராதர்'. அதற்குப் பின்னால் 'டு' போடாதீர்கள்.

உச்சரிப்பில் 'எல்' வருமா?

வராது. ஒரு காலத்தில் ஒலித்தது, பிறகு மௌனமாகிவிட்டது. 'குட்' (could) என்ற சொல்லில் 'எல்' பிறப்பிலேயே கிடையாது. 'வுட்', 'ஷுட்' இரண்டையும் பார்த்து எழுத்தில் அதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். மரக்கட்டைக்கான 'வுட்' எப்படி ஒலிக்குமோ அப்படியேதான் இதுவும், குறில்.

நம் பக்கம் வருகிற சிக்கல் கடைசியில். வல்லின மெய்யெழுத்தில் சொல்லை முடிக்க நாக்கு விடுவதில்லை, ஒரு 'உ' ஒட்டிக்கொண்டு 'வுட்டு' ஆகிவிடுகிறது. "வுட்டுடுப்பா" என்கிற சென்னைப் பேச்சின் 'வுட்டு'தான் அது. நாக்கு நுனியைத் தமிழ் டகரத்துக்குப் போகிற அளவு உள்ளே கொண்டுபோகாமல், மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் தொட்டு, மெல்ல நிறுத்துங்கள்.

வேகப் பேச்சில் அந்த 'ட்' மட்டும்தான் மிஞ்சும்: ஐட், யூட், ஷீட். 'ஹேட்' என்பதும் இப்படியே சுருங்கும். அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஐட் கோ' என்றால் 'வுட்', 'ஐட் கான்' (gone) என்றால் 'ஹேட்'. 'ஐட் பெட்டர்' என்பதில் இருப்பதும் 'ஹேட்'தான்.

'வுட் ஆஃப்' என்று சிலர் எழுதுகிறார்களே?

'வுட் ஹேவ்' சுருங்கி 'வுடவ்' என்று ஒலிப்பதைக் காதால் கேட்டு எழுதிய பிழை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே செய்வது. நீங்கள் செய்யாதீர்கள்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

பயிற்சிப் புத்தகத்தை விடத் தமிழ்ப் பேச்சைக் கவனிப்பது பலன் தருகிறது. ரயிலில், கடையில், அடுக்களையில் யாராவது "-ருந்தா... -ருப்பேன்" என்று சொன்னால் உடனே மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் எளிதாகக் கிடைக்கும். கதைப் புத்தகம் வேண்டும் என்றால் 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கே போங்கள். எளிய ஆங்கிலக் கதைகளில் 'வுட்' நிறைய வரும், பெரியவர்கள் அங்கே உட்கார வெட்கப்பட வேண்டாம்.

தொடங்குவதற்குப் போன வாரம் வகுப்புக்கு வந்த ஓர் அம்மா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வாக்கியம்: "நேத்தே சொல்லியிருந்தா வரும்போதே வாங்கிட்டு வந்திருப்பேன்ல." அவர் எழுதிய விடை: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மி யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் பாட் இட் ஆன் மை வே ஹோம்.' அடுத்த வாக்கியத்தை அவர் மகள் கேட்டாளாம், அது உங்களுக்கு: "நான் கேட்டிருந்தா மட்டும் வாங்கித் தந்திருப்பியா?"